பெற்றோருக்கு விளையாட்டு எதற்கு?

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே ‘முசுப்பாத்தி’ என்று ஒரு சொல் உண்டு. வேடிக்கை, பகிடி, நாலுபேர் கூடிச் சிரித்தல், காரணம் கேட்க முடியாத மகிழ்ச்சி எல்லாம் அதற்குள் அடங்கும். இந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் இறந்தகாலத்திலேதான் வழங்கி வருகிறோம். “அந்த நாளையில என்ன முசுப்பாத்தி!” என்போம். “வாற சனிக்கிழமை முசுப்பாத்தியாய் இருப்பம்” என்று சொல்லும் தாய் தந்தையரை இந்த ரொறன்ரோ மாநகரில் காண்பது அரிது. ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்று பதில் வரும்.

அது பொய்யன்று. தகப்பன் காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் புறப்பட்டு, அவர் திரும்பும் வேளையில் தாய் முதியோர் இல்லத்து மாலை வேலைக்குப் போகிறார். இருவரும் வாசற்படியில் சந்தித்துக் கார்த் திறப்பையும் பிள்ளையையும் கைமாற்றிக் கொள்கிறார்கள். அலுவலக வேலை என்றால் வேறு விதம்: 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம், வீட்டுக்கு வந்தபின் கணினியில் இன்னும் ஒரு மணி நேரம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பிறகு மிருதங்கம் அல்லது பரதநாட்டியம், பிறகு நீச்சல். ஞாயிற்றுக்கிழமை கணித வகுப்பும் கோவிலும் பிறந்தநாள் விழாக்களும். வீட்டுக் கடன் மாதம் தவறாமல் வந்து நிற்கும். இப்படி ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்தி, “சற்று மகிழ்ச்சியாய் இருங்கள்” என்று உபதேசம் செய்வது அவருக்கு இன்னுமொரு வேலையைக் கொடுப்பதாகவே முடியும். அதுவல்ல எமது நோக்கம்.

எம்மை உறுத்துவது நேரத்தைப் பற்றிய கேள்வியன்று, தகுதியைப் பற்றிய கேள்வி. எப்படியோ இரண்டு மணி நேரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புள்ள ஒருவர் அதைப் பயனற்ற ஒரு விளையாட்டிலே கழிப்பது தகுமா? ஒரு பெற்றோர் தமது இன்பத்துக்காக நேரம் எடுப்பது சுயநலமா? நம்மில் பலரது மனம் இதற்கு ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிடைத்த இரண்டு மணி நேரத்திலும் குளிரூட்டியைத் துப்புரவு செய்யத் தொடங்குகிறோம் அல்லவா?

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நமது மொழியிலே அதற்கு இடமிருக்கிறது. “இன்னும் விளையாட்டுப் பிள்ளையாகவே இருக்கிறான்” என்றால் அது குறை. “விளையாட்டை விட்டிட்டுப் படி” என்பது எல்லா வீட்டுச் சுவர்களுக்கும் பழக்கமான வாக்கியம். ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லோ பொழுதை எப்படியாவது போக்கித் தொலைப்பது போன்ற தொனியுடையது. நல்ல குடும்பத்தவர் என்று பெயரெடுத்தவர்கள் சிரிப்பை அளந்து செலவழித்தவர்கள்தாம்.

ஆனால் புலம்பெயர்ந்த நமக்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை வெளிப்படையாகப் பேசுவது குறைவு. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் இங்கு வந்து சேர்ந்தவர்கள் தனியே வரவில்லை. அங்கே விட்டுவந்தவர்களின் துன்பத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று. ரெலிபோன் மணி இரவில் அடித்தால் நெஞ்சு பதைத்தது. 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவிலே பெயர்ந்து நடந்தபோது, இங்கே ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதிக்கொண்டிருந்த கை தானாகவே நின்றுவிட்டது. அங்கே அவலம், இங்கே சிரிப்பா? இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்களுக்கு மகிழ்ச்சி என்பது ஒரு துரோகம் போலத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த உணர்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது அன்பின் மறுபக்கம்.

ஆயினும் சிலவற்றை எண்ணிப் பார்க்கலாம். துயரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இடையே வரவு செலவுக் கணக்கு இல்லை. இங்கே ஒரு வீட்டில் சிரிப்பு நின்றதனால் அங்கே ஒருவருடைய கண்ணீர் குறைந்ததாக நாம் அறியோம். அங்கிருந்தவர்கள் நம்மிடம் கேட்டது பணம், கடிதம், மறவாமை ஆகியவற்றையே; சிரிக்க வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. பதுங்குகுழிக்குள் தாயம் உருட்டியதையும், இடம்பெயர்ந்த முகாம்களில் பிள்ளைகள் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்ததையும் வன்னியிலிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துன்பத்தின் நடுவில் இருந்தவர்களே விளையாட்டைக் கைவிடவில்லை.

விளையாட்டுக்கு ஒவ்வாத நாட்கள் உண்டு என்பதும் மெய். 2009 மே 10 ஆம் திகதி நம்மவர் ஆயிரக்கணக்கில் காடினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்றார்கள். அந்த மாதத்தில் யாரும் சங்கீதக் கதிரை விளையாடவில்லை; விளையாடவும் முடியாது. ஆனால் நமது முன்னோர் துக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்தார்கள். துடக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு கழிகிறது. ஆட்டைத் திவசம் முடிந்தபின் வீட்டில் மங்கல காரியங்கள் தொடங்கலாம் என்றார்கள். இறந்தவரை மறந்துவிடுங்கள் என்பது அதன் கருத்தன்று. திவசம் ஆண்டுதோறும் வரும். உயிரோடு இருப்பவர்கள் வாழ அனுமதி உண்டு என்பதே கருத்து. முடிவில்லாத துடக்கை எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. அதை நமக்கு நாமே விதித்துக்கொண்டால் அதில் வளர்கின்ற பிள்ளை என்ன செய்யும்?

இனி நமது சமயம் விளையாட்டைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்ப்போம். இந்தக் கேள்வியைக் கோவில் மண்டபத்தில் நின்று கேட்பதுதான் பொருத்தம். மகோற்சவ காலத்தில் சுவாமியை நாம் என்னவெல்லாம் செய்விக்கிறோம்! வேட்டைக்கு அழைத்துச் செல்கிறோம். தேரில் ஏற்றி ஊர்வலம் விடுகிறோம். தீர்த்தமாடி, கொடியிறங்கிய பின்னர் பூங்காவனத் திருவிழா. ஈழத்துக் கோவில்கள் பலவற்றுக்கும் தனித்தனியே திருவூஞ்சற் பாட்டுக்கள் உண்டு. சுவாமியை ஊஞ்சலில் இருத்தி அவற்றைப் பாடி ஆட்டுகிறோம். இத்தனை வேலையுள்ள கடவுளுக்கு, படைத்தல் முதல் அருளல் வரை ஐந்து தொழிலையும் ஓய்வின்றிச் செய்பவருக்கு, ஊஞ்சலாட நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள் நமது பெரியவர்கள். அதே கோவிலில் ஊஞ்சற் கயிற்றைப் பிடித்து நின்ற தகப்பனார், வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பூங்காவில் ஊஞ்சலாட்ட நேரமில்லை என்கிறார்.

மணிவாசகர் திருவாசகத்தில் தமது உயர்ந்த ஞானத்தை எந்த வடிவங்களில் வைத்தார்? அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல். இவையெல்லாம் மகளிர் ஆடியும், கூடி வேலை செய்தும் பாடிய பாட்டுக்களின் வடிவங்கள். பிள்ளைத்தமிழ் என்ற ஓர் இலக்கிய வகையையே நமது புலவர்கள் வளர்த்தார்கள். பத்துப் பருவங்கள்: செங்கீரையாடுவதும், சப்பாணி கொட்டுவதும், முத்தம் கேட்பதும், நிலாவைக் கூப்பிடுவதும், ஆண்பிள்ளையானால் சிற்றில் சிதைப்பதும் சிறுபறை முழக்குவதும் சிறுதேர் உருட்டுவதும், பெண்பிள்ளையானால் அம்மானையும் நீராடலும் ஊசலும். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையை இப்படித்தான் பாடினார். அகில உலகத்துக்கும் தாயானவளைக் குழந்தையாக்கி, புலவர் தாம் தாயாகிக் கைகொட்டி விளையாட்டுக் காட்டுகிறார். வேறெந்த நோக்கமும் இல்லாத அந்தக் கைகொட்டலையே வழிபாடு என்று ஏற்றுக்கொண்ட மரபு நமது.

தத்துவ நூல்களிலும் இக்கேள்வி உண்டு. குறையொன்றும் இல்லாத இறைவன் ஏன் உலகைப் படைத்தான் என்ற தடைக்கு, பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரே சொல்லில் விடை தருகிறது: லீலை. சங்கரர் அதற்கு உரை எழுதும்போது, எல்லாம் நிறைந்த அரசன் விளையாடுவதையும், மூச்சு வெளிப்பயன் கருதாமல் தானே வந்துபோவதையும் உவமை காட்டுகிறார். சைவ சித்தாந்தம் அங்கே நின்றுவிடவில்லை. சிவப்பிரகாசம் ஐந்தொழிலைத் திருவிளையாட்டு என்று சொல்வோர் உண்டு என்று கூறி, அது உயிர்களைத் துன்பக்கடலிலிருந்து எடுக்கும் அருள் என்ற கருத்தையும் உடன் வைக்கிறது. எமது சிற்றறிவுக்கு இந்த இரண்டும் சேர்ந்த இடமே பெற்றோருக்கு உரிய இடம் என்று படுகிறது. பிள்ளையோடு தரையில் இருந்து விளையாடும் தகப்பன் விளையாடுகிறானா, வளர்க்கிறானா? பிரித்துச் சொல்ல முடியாது. வளர்ப்பதற்காக விளையாடுகிறேன் என்று அவன் நினைத்த கணத்தில் விளையாட்டு நின்று பாடம் தொடங்கிவிடும். பிள்ளைக்கு அது உடனே தெரியும்.

கிரேக்க ஞானி அரிஸ்ரோட்டில் வேறுவிதமாகச் சொன்னார். விளையாட்டு என்பது இளைப்பாறுதல். மீண்டும் முயல்வதற்காகவே இளைப்பாறுகிறோம், விளையாட்டு முடிவான நோக்கமாகாது என்பது அவர் கருத்து. இன்றைய உத்தியோக உலகமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: விடுமுறை எடுங்கள், திரும்பிவந்து நன்றாக வேலை செய்வீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கின்படி விளையாட்டு எப்போதும் வேலைக்கு வேலைக்காரனாகவே இருக்கும். நேரம் நெருக்கினால் முதலில் வெளியே அனுப்பப்படுவதும் அதுதான். இவ்விடயத்தில் நாம் பூங்காவனத் திருவிழாவின் பக்கமே நிற்கிறோம்.

பிள்ளைகளின் நேரசூசியை எடுத்துப் பாருங்கள். பாரதியார் பாப்பாப் பாட்டிலே குழந்தையின் நாளைப் பங்கிடும்போது மாலை நேரம் முழுவதையும் விளையாட்டுக்கே விட்டுவைத்தார். நமது பிள்ளைகளின் மாலை நேரங்களுக்கு மாதக் கட்டணம் உண்டு. நீச்சல் சான்றிதழுக்காக, நடனம் அரங்கேற்றத்துக்காக, சதுரங்கம் மூளைக்காக. இக்கலைகளை நாம் குறை கூறவில்லை. நமது கோவிலும் சங்கங்களும் பாடுபட்டு வளர்த்தவை அவை. பயன் கருதாத ஒரு மணி நேரம் எங்கே என்பதுதான் கேள்வி. 1989 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. கனடாவும் இலங்கையும் 1991 இல் அதை ஏற்றுக்கொண்டன. உரிமை என்றால் நன்றாகப் படித்ததற்குப் பரிசாகக் கொடுப்பதன்று.

பெரியவர்களுக்கும் ஓய்வு இலவசமாக வந்ததில்லை. இதே ரொறன்ரோவில் 1872 இல் அச்சுத் தொழிலாளர்கள் ஒன்பது மணி நேர வேலைநாள் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டிலேயே தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. இன்று ஒன்ராறியோவில் ஆண்டுக்கு இரண்டு கிழமை விடுமுறையும், ஒரே இடத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தோருக்கு மூன்று கிழமையும் சட்டப்படி உண்டு. மாசி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை 2008 முதல் குடும்ப தினம். மற்றவர்கள் போராடிப் பெற்ற அந்த விடுமுறையில் நம்மவரில் சிலர் வேறோரிடத்தில் வேலைக்குப் போகிறார்கள். வாடகைக்கும் உணவுக்கும் போதாமல் போகிறவரை நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவருக்கு வேண்டியது கட்டுரையன்று, உதவி. ஆனால் போதிய பின்னரும், இருக்கும் வீட்டைவிடப் பெரிய வீடு, அதைவிடப் பெரிய விழா மண்டபம் என்று போகிறவர், பிள்ளையின் ஒரு பருவத்தைக் கொடுத்து அதை வாங்குகிறார். விலை கூடுதல் என்றே எமக்குத் தோன்றுகிறது.

பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசன் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. நெய்ச்சோற்றைக் கையால் அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்க்கு, எத்தனை செல்வமிருந்தும் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்கிறான். ஓர் அரசன் இதைச் சொல்ல வேண்டுமானால், உணவு வேளையில் அவன் அந்தக் குழந்தையின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் கண்ணும் கைத்தொலைபேசியில் இருக்கிறது. குழந்தையின் சோற்றுக் கையைப் படம் பிடித்து மாமாவுக்கும் சித்திக்கும் அனுப்புகிறோம். அதைப் பார்ப்பது பிறகு.

“எல்லாம் உங்களுக்காகத்தானே” என்று பிள்ளைகளிடம் சொல்லும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. உண்மையான சொல்தான். ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? என்னால்தான் அம்மா சிரிக்கவில்லை, என்னால்தான் அப்பா களைத்திருக்கிறார் என்று விழுகிறது. தீர்க்க முடியாத கடன் ஒன்றைச் சிறு தோளில் ஏற்றிவிடுகிறது. பெரியவராவது என்றால் மகிழ்ச்சியை நிறுத்திவிடுவது என்ற பாடத்தையும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அன்று பின்னிருக்கையில் இருந்து வகுப்புக்குப் போன பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகி, அதே வீதியில் அதே அவசரத்தோடு தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதைக் காண்கிறோம்.

கோடைகாலத்தில் பழைய மாணவர் சங்கங்கள் ஸ்காபரோவின் தொம்சன் பூங்கா போன்ற இடங்களில் ஒன்றுகூடல் வைப்பதை யாவரும் அறிவர். அங்கே நடக்கும் ஓர் அதிசயத்தைக் கவனித்திருப்பீர்கள். தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் ஐம்பது வயது அன்ரி ஒருவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுகிறார். கயிறிழுத்தலில் கணக்காளரும் பஸ் சாரதியும் ஒன்றாகப் புல்லில் விழுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புதினம் ஓட்டப் பந்தயமன்று. தமது தாய்க்கு ஓடத் தெரியும் என்பதும், தகப்பனுக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது என்பதும்தான். பெற்றோரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவராக இருந்தவர்கள், இன்றும் இருக்கிறவர்கள் என்று பிள்ளை அறியும் நேரம் அது. எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

ஆகவே பிள்ளையை விளையாட விடுவதோடு பெற்றோரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. தாமும் எதையாவது விரும்பி ஆட வேண்டும். பிள்ளை அதைக் காண வேண்டும்.

இவ்விடத்தில் தாய்மாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விருந்துக்குக் கூடும் வீடுகளில் நிலக்கீழ் அறையிலிருந்து சிரிப்பும் மேசையில் அடிக்கும் சத்தமும் கேட்கும். அங்கே ஆண்கள் 304 விளையாடுகிறார்கள். ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்கு இனத்துக்கும் 304. இந்தக் கணக்கை மனதிலே போடத் தெரிந்த பிள்ளைக்கு மேலதிக கணித வகுப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். விளையாட்டுக்கும் ஒரு பயனைக் கற்பிக்கும் பழக்கம் எங்கே விடுகிறது! மேல்மாடியில் பெண்கள் அடுப்படியில் வடை சுடுகிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள், அழும் குழந்தையைத் தூக்குகிறார்கள். கீழேயிருந்து “தேத்தண்ணி வருமா?” என்ற குரலும் வரும். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷீல்ட் 1989 இல் எழுதிய நூலில், வேலைக்குப் போய்வந்த பெண் வீட்டில் செய்யும் வேலையை இரண்டாவது வேலை முறை என்று அழைத்தார். நம்மவர் வீட்டு விருந்தை அவர் கண்டிருந்தால் மூன்றாவதையும் எண்ணியிருப்பார். ஒருவரின் முசுப்பாத்தி இன்னொருவரின் முதுகில் ஏறி நடக்குமானால் அது விளையாட்டல்ல. விளையாட்டுக்கு முதல் விதியே முறை மாறுவதுதான். தாயம் உருட்டும் சிறுபிள்ளைக்கும் அது தெரியும்.

பெரும் செலவு எதுவும் வேண்டியதில்லை. ரூஜ் தேசிய நகரப் பூங்கா ஸ்காபரோவின் எல்லையிலேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணமில்லை. குளிர்காலத்தில் மாநகரசபையின் வெளித்திடல்களில் பனிச்சறுக்கு இலவசம். ஸ்காபரோ நகர மண்டபத்தின் அருகிலும் ஒன்று உண்டு. நாற்பது வயதில் முதல் முறை சப்பாத்துக் கட்டி இறங்கும் தகப்பன் விழுவார். பிள்ளைதான் கைகொடுத்துத் தூக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கொக்கான் வெட்டலாம், கல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வேலை செய்யும் பெற்றோருக்கு இந்தப் பத்து நிமிடமே இருக்கக்கூடும். அதைச் சிறிது என்று நாம் சொல்ல மாட்டோம்.

நிர்வாக சபையினரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மண்டபத்தின் வாராந்த அட்டவணையில் காலை முதல் இரவு வரை வகுப்புக்கள் நிறைந்துள்ளன; மகிழ்ச்சி. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரத்தை எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டுவைக்க முடியுமா? ஆசிரியர் வேண்டாம், பரிசளிப்பு வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். அன்று தேநீரையும் பாத்திரங்களையும் ஆண்கள் பொறுப்பெடுக்கட்டும். 304 மேசையில் முதல் நாலு கதிரையும் பெண்களுக்கு. தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரையும், வாகனமில்லாத மூத்தோரையும் ஏற்றிவர அயலில் உள்ளவர்கள் முன்வர வேண்டும். இம்மலரின் ஆங்கிலப் பக்கங்களை மட்டும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இச்செய்தியைப் பெற்றோர் வாயால் சொல்லிவிடுங்கள். கரம் பலகை, தாயக் கட்டை, பல்லாங்குழி வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம். சோழி குறைந்தால் புளியங்கொட்டையும் போதும். பாய்கள் மண்டபத்தில் இருக்கின்றன.